பட்டத்தை நிறுத்தி வைத்த 3 கிரெடிட்

கேள்வி: டாலஸ் பக்கம் ஃப்ரிஸ்கோவில் இருக்கிறோம். 4 ஆண்டுகளுக்கு முன் நியூ ஜெர்சியிலிருந்து வந்தவர்கள். மகள் இங்கே ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி செமஸ்டர் படிக்கிறாள். எச்-4 விசாவில் (வேலை விசாவில் உள்ளவரின் குடும்பத்தாருக்கானது) இருந்தவள், 21 வயது ஆவதற்குள் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறிவிட்டாள். மே மாதம் பட்டம், ஜூலையில் வேலை. சென்ற வாரம், பட்டத்துக்கு வேண்டியதெல்லாம் முடிந்ததா என்று பார்க்கும் டிகிரி ஆடிட்டில் ‘அரசாங்கம்: 3 கிரெடிட் குறைவு’ என்று வந்துவிட்டது. பள்ளியிலேயே, கல்லூரி கிரெடிட் தரக்கூடிய ஏபி தேர்வுகளில் அமெரிக்க அரசாங்கம், அமெரிக்க வரலாறு இரண்டும் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள். நியூ ஜெர்சியில் கம்யூனிட்டி காலேஜில் ‘மாநில, உள்ளாட்சி அரசாங்கம்’ என்ற பாடமும் முடித்திருக்கிறாள். முதல் ஆண்டில் அட்வைசர் ‘உனக்கு அரசாங்கப் பாடம் முடிந்துவிட்டது’ என்று இமெயிலில் எழுதியிருக்கிறார். நாங்கள் அமெரிக்கக் குடிமக்களும் இல்லை. எங்களுக்கு விலக்கு கிடைக்குமா? வழக்குப் போடலாமா? 7-ஆம் வகுப்பு படிக்கும் மகனுக்கும் டெக்சாஸ் வரலாறு, தினமும் கொடிக்கு உறுதிமொழி என்று இருக்கிறது. இதற்கெல்லாம் கட்டாயப்படுத்த முடியுமா?

பதில்: மகளின் விஷயத்துக்கு நாள் குறைவு. அதனால் முதலில் அதைப் பார்த்துவிடுவோம். கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: விலக்கு கேட்டுப் போகாதீர்கள். ‘எனக்கு இந்தப் பாடம் வேண்டாம்’ என்று கேட்டால் கிடைக்காது. ‘இதற்கு ஈடான பாடத்தை ஏற்கெனவே படித்துவிட்டேன்’ என்று காட்டினால் கிடைக்க வழி உண்டு. சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

பலரும் நினைப்பதுபோல இது பல்கலைக்கழகம் போட்ட விதி இல்லை. டெக்சாஸ் சட்டமன்றம் போட்டது. கல்விச் சட்டத்தொகுப்பின் 51.301-ஆம் பிரிவு, அரசுப் பணம் பெறும் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் அரசாங்கம் பற்றிய பாடத்தை 6 கிரெடிட்டுக்குக் குறையாமல் நடத்த வேண்டும் என்கிறது. 51.302 அமெரிக்க வரலாற்றுக்கு இன்னொரு 6 கிரெடிட் கேட்கிறது. அதில் 3 கிரெடிட்டுக்கு டெக்சாஸ் வரலாறு படித்தாலும் ஏற்பார்கள். இவை இல்லாத எவருக்கும் இளங்கலைப் பட்டமோ அதற்குக் கீழான பட்டமோ தரக்கூடாது என்பது சட்டத்தின் வாசகம். ‘எவருக்கும்’ என்றுதான் இருக்கிறது, ‘குடிமக்களுக்கு’ என்று இல்லை. எச்-4, எஃப்-1, கிரீன் கார்டு எல்லோருக்கும் ஒரே அளவுகோல். கம்ப்யூட்டர் படித்தாலும் சரி, இசை படித்தாலும் சரி. ரைஸ் போன்ற தனியார் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது.

சரி, ஏபி எழுதிய பெண்ணுக்கு ஏன் 3 கிரெடிட் குறைகிறது? 51.301-இல் ஒரு வரி இருக்கிறது. அந்தப் பாடம் அமெரிக்க அரசியலமைப்பையும் மாநிலங்களின் அரசியலமைப்புகளையும் பேச வேண்டும், டெக்சாஸ் அரசியலமைப்புக்குத் தனி அழுத்தம் தர வேண்டும் என்கிறது அது. ஏபி தேர்வு வாஷிங்டனோடு நின்றுவிடுகிறது. காங்கிரஸ், குடியரசுத் தலைவர், உச்ச நீதிமன்றம், அவ்வளவுதான். அதனால் அரசுக் கல்லூரிகளில் இந்த 6 கிரெடிட்டை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கவர்ன்மென்ட் 2305 மத்திய அரசாங்கம், கவர்ன்மென்ட் 2306 டெக்சாஸ் அரசாங்கம். ஏபி மதிப்பெண் 2305-க்குப் போயிருக்கும். வரலாற்றுக்கான 6 கிரெடிட்டும் ஏபி வரலாற்றிலேயே கழிந்திருக்க வேண்டும், ஆடிட்டில் அந்த வரியில் குறை எதுவும் இல்லையே. நிற்பது 2306 ஒன்றுதான். வெளிமாநிலத்திலிருந்து வரும் குடும்பங்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த ஒரே இடத்தில்தான். முதல் ஆண்டிலேயே இதைத் தெளிவாகச் சொல்லாமல் கடைசி செமஸ்டரில் ஆடிட்டில் காட்டுவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம் என்பது என் கருத்து.

இப்போது வழிகளைப் பார்ப்போம். அதே பிரிவு பல்கலைக்கழகத்துக்கு இரண்டு கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. அங்கீகாரம் பெற்ற வேறு கல்லூரியில் கணிசமாக ஈடான பாடம் படித்திருந்தால் அதை ஏற்கலாம். பாடத்தைப் படிக்காமலே கிரெடிட் பெறுவதற்காகப் பல்கலைக்கழகம் நடத்தும் முன்தகுதித் தேர்வில் தேறினாலும் ஏற்கலாம். கவனியுங்கள், ‘ஏற்கலாம்’ என்றுதான் இருக்கிறது, ‘ஏற்க வேண்டும்’ என்று இல்லை. முடிவு அவர்கள் கையில்.

மகள் படித்த ‘மாநில, உள்ளாட்சி அரசாங்கம்’ பாடத்தின் சிலபஸைத் தேடி எடுங்கள். டிரான்ஸ்கிரிப்ட் மட்டும் போதாது, அதில் பாடத்தின் பெயரும் கிரேடும்தான் இருக்கும். சில மாதங்களுக்கு முன் இதேபோல ஒரு மாணவன் என் மேசைக்கு வந்தான். அவனுடைய சிலபஸையும் சட்டப் பிரிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வாரம் வாரமாகப் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தோம். 4-ஆம் வாரம் ‘மாநில அரசியலமைப்புகள்’ என்று இருந்தது. பாடப்புத்தகத்தில் அந்த அத்தியாயத்தைப் புரட்டினால், ஒப்பீட்டுக்கு டெக்சாஸை எடுத்து 11 பக்கம் எழுதியிருந்தார்கள். அவன் எழுதிய கட்டுரை ஒன்று டெக்சாஸில் நீதிபதிகளைத் தேர்தலில் தேர்ந்தெடுப்பது பற்றியது. அந்தக் கட்டுரையையும் புத்தகப் பக்கங்களையும் மனுவோடு இணைத்தோம். அந்த 11 பக்கமும் கட்டுரையும்தான் மனுவைக் காப்பாற்றின. உங்கள் மகளின் பாடம் நியூ ஜெர்சி அரசியலமைப்பை மட்டும் பேசியிருந்தால், உள்ளதைச் சொல்கிறேன், ஏற்பதற்கான வாய்ப்பு குறைவு. ‘தனி அழுத்தம்’ என்ற சொல் குறுக்கே நிற்கும். அப்படி இருந்தாலும் மனுவைப் போடுங்கள். மனுவில் கெஞ்சல் வேண்டாம். எந்தப் பாடம், எந்தக் கல்லூரி, எந்த வாரத்தில் எது, சட்டத்தின் எந்தச் சொல்லுக்கு அது ஈடு, இவ்வளவுதான் இருக்க வேண்டும்.

மனு போட்ட அன்றே தேர்வு மையத்துக்குப் போன் போடச் சொல்லுங்கள். டெக்சாஸ் அரசாங்கப் பாதிக்கு மட்டும் தனியாகத் தேர்வு வைக்கிறீர்களா என்று கேட்க வேண்டும். சில பல்கலைக்கழகங்களில் அப்படி ஒரு தேர்வு உண்டு. இருந்தால் மே மாதப் பட்டத்தைக் காப்பாற்ற அதைவிட நேர்வழி கிடையாது. கல்லூரி கிரெடிட்டுக்கான ‘கிளெப்’ தேர்வில் அமெரிக்க அரசாங்கம் எழுதலாமே என்று யாராவது சொல்வார்கள். அதுவும் மத்திய அரசாங்கத்தைத்தான் தொடுகிறது. ஏற்கெனவே ஏபியில் கிடைத்த பாதியையே மறுபடி வாங்கி என்ன பயன்? பணம் கட்டும் முன் எந்தப் பாடத்துக்கு கிரெடிட் தருவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

இரண்டும் கைகூடாவிட்டால் கோடையில் 2306 படிப்பதுதான் வழி. ஐந்து வாரத்தில் முடிகிற வகுப்பு கிடைக்கும். டெக்சாஸுக்குள்ளேயே கம்யூனிட்டி காலேஜில் அதே எண்ணுள்ள பாடத்தைப் படித்தாலும் செல்லும், கட்டணமும் குறைவு. அப்படிப் படித்த பாடத்தை அரசுப் பல்கலைக்கழகம் ஏற்க மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். 45 நாளில் தீராவிட்டால் விவகாரத்தைப் பல்கலைக்கழகமே மாநில உயர்கல்வி ஆணையருக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது 61.826-ஆம் பிரிவு. இந்தப் பாதுகாப்பு நியூ ஜெர்சி பாடத்துக்குக் கிடையாது. கடைசி கிரெடிட்டுகளை இங்கேயேதான் படிக்க வேண்டும் என்று உங்கள் பல்கலைக்கழகத்தில் விதி இருக்கிறதா என்பதையும் பதிவு செய்யும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில்தான் விசா குறுக்கே வருகிறது. எஃப்-1 மாணவருக்குக் கடைசி பருவத்தில் ஒரே ஒரு பாடம் பாக்கி என்றால், அது முழுக்க ஆன்லைனில் இருக்கக்கூடாது. வகுப்பறைக்குப் போய் உட்காரும் பாடமாக இருக்க வேண்டும். கோடையில் வருகிற 2306 வகுப்புகளில் நிறைய ஆன்லைன்தான், வீட்டிலிருந்தே முடிக்கலாம் என்று பெற்றோர் அதைத்தான் விரும்புகிறார்கள். அவசரப்பட்டு அதில் சேர்த்துவிடாதீர்கள். ஐ-20 படிவத்தில் (எஃப்-1 மாணவருக்குப் பல்கலைக்கழகம் தரும் சான்று) உள்ள முடிவுத் தேதி மே மாதமாக இருந்தால், அந்தத் தேதி கடப்பதற்கு முன்பே டிஎஸ்ஓவிடம், அதாவது பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களின் விசா விஷயங்களைக் கவனிக்கும் அதிகாரியிடம், நீட்டிப்பு வாங்க வேண்டும். ஒரே பாடம் மட்டும் படிப்பதற்கும், வேறு கல்லூரியில் படிப்பதற்கும் அவருடைய அனுமதி வேண்டும். படிப்பு முடிந்ததும் வேலை பார்க்க அனுமதி தரும் ஓபிடிக்கான விண்ணப்பம் ஏற்கெனவே போட்டாயிற்று என்றால் இன்றே அவரிடம் சொல்லுங்கள், மே மாதத்தைக் கணக்கில் வைத்துப் போட்ட விண்ணப்பம் அப்படியே இருக்க முடியாது. வேலை தரும் நிறுவனத்திடமும் மறைக்க வேண்டாம். சேரும் தேதியைத் தள்ளி வைக்கும்படி இப்போதே கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஜூன் கடைசியில் கேட்டால் சங்கடம்.

வழக்கு பற்றிக் கேட்டீர்கள். அட்வைசரின் இமெயில் கையில் இருக்கிறதே என்ற உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அரசுப் பல்கலைக்கழகம் மாநில அரசின் ஒரு கரம். அதன்மீது நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டால் இறையாண்மைப் பாதுகாப்பு, அதாவது அரசின் சம்மதம் இல்லாமல் அதன்மீது வழக்குப் போட முடியாது என்ற சுவர் முன்னால் நிற்கும். ஓர் ஊழியர் தவறாகச் சொல்லிவிட்டார் என்பதற்காகச் சட்டமன்றம் விதித்த நிபந்தனை இல்லாமல் போகாது. அரசு தன் கடமையைச் செய்யும்போது ஊழியரின் வாய்ச்சொல் அதைக் கட்டுப்படுத்தாது என்பதே டெக்சாஸ் நீதிமன்றங்களின் பொது நிலை, விதிவிலக்குகள் மிகக் குறுகியவை. அந்த வழக்கை நான் எடுத்தால் உங்கள் பணம் போகும், மகளின் கோடையும் போகும். இமெயிலை வேறு விதத்தில் பயன்படுத்துங்கள். டீனுக்கு அனுப்பி, கோடைப் பாடத்தின் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யவும், இடமில்லாத வகுப்பில் இடம் தரவும், மே மாத விழாவில் மேடையேற விடவும் கேளுங்கள். இவை அவர்கள் அதிகாரத்துக்குள் இருப்பவை. பட்டம் வழங்குவது அப்படி இல்லை.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். உறுதிமொழி வேறு, பாடம் வேறு. 1943-இல் மேற்கு வர்ஜீனியா வழக்கில், கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்த ‘யெகோவா சாட்சிகள்’ என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் குழந்தைகளைப் பள்ளி கட்டாயப்படுத்த முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ராபர்ட் ஜாக்சன் அதிலேயே இன்னொன்றையும் ஒப்புக்கொண்டார். நாட்டின் வரலாற்றையும் அரசாங்கத்தின் அமைப்பையும் மாணவர்களுக்குக் கற்பிக்க மாநிலம் கட்டளையிடலாம் என்பதே அது. நம்புகிறேன் என்று சொல்ல வைக்க முடியாது, தெரிந்துகொள் என்று சொல்லலாம். டெக்சாஸ் பள்ளிகளில் தினமும் அமெரிக்க உறுதிமொழியும் டெக்சாஸ் உறுதிமொழியும் சொல்ல வேண்டும், ஆனால் பெற்றோர் எழுத்தில் கேட்டால் பிள்ளைக்கு விலக்கு உண்டு. டெக்சாஸ் வரலாறு 4-ஆம் வகுப்பிலும் 7-ஆம் வகுப்பிலும் வரும். மத, ஒழுக்க நம்பிக்கைக்கு முரணான ஒரு குறிப்பிட்ட வகுப்பிலிருந்து பிள்ளையைத் தற்காலிகமாக விலக்க 26.010-ஆம் பிரிவில் இடம் உண்டு. ஆனால் தேர்வைத் தவிர்ப்பதற்கோ செமஸ்டர் முழுக்க விலகுவதற்கோ அதைப் பயன்படுத்த முடியாது.

கடிதத்தில் இன்னொரு வரி எழுதியிருந்தீர்கள், ‘கம்ப்யூட்டர் படிக்கிற பெண்ணுக்கு இது எதற்கு’ என்று. நான் 2306 பாடத்தின் பக்கம்தான் நிற்பேன். அந்தப் பாடம் பேசுவது 1876-இல் ஏற்கப்பட்டு 500 தடவைக்கு மேல் திருத்தப்பட்ட டெக்சாஸ் அரசியலமைப்பை. நீங்கள் ஆண்டுதோறும் கட்டும் வீட்டு வரியில் கிடைக்கும் குடியிருப்புச் சலுகை அதில்தான் இருக்கிறது. சாதாரணக் கடன்காரர் உங்கள் வீட்டைப் பறிக்க முடியாது என்ற பாதுகாப்பும் அதில்தான் இருக்கிறது. சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், அதிகபட்சம் 140 நாள், சிவில் வழக்குக்கு ஓர் உச்ச நீதிமன்றம், குற்ற வழக்குக்கு இன்னொன்று. உங்கள் மகள் இந்த மாநிலத்தில்தான் சம்பாதிக்கப் போகிறாள், வீடு வாங்கப் போகிறாள்.

வேறு மாநிலத்துக்கு மாறத் திட்டமிடும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜார்ஜியா அரசுக் கல்லூரிகளில் அமெரிக்க, ஜார்ஜியா வரலாறும் அரசியலமைப்பும் தேற வேண்டும். ஃப்ளோரிடா இப்போது பாடமும் கேட்கிறது, தனித் தேர்வும் கேட்கிறது. அரிசோனா 2015-இல் பள்ளிப் படிப்பை முடிப்பதற்கே குடியுரிமைத் தேர்வுக் கேள்விகளில் தேற வேண்டும் என்று முதன்முதலாகச் சட்டம் போட்டது. சேரும் நாளிலேயே அட்வைசரிடம் ‘மாநிலச் சட்டப்படி என்ன பாடம்’ என்று கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

திங்கட்கிழமை காலை மகள் போக வேண்டிய முதல் இடம் ரெஜிஸ்ட்ரார் அலுவலகம் இல்லை, டிஎஸ்ஓ அலுவலகம். அங்கிருந்து தேர்வு மையம், பிறகு மனு. சிலபஸ் கையில் இல்லாவிட்டால் நியூ ஜெர்சி கல்லூரியின் அரசியல் துறைக்கு இன்று மாலையே இமெயில் அனுப்பச் சொல்லுங்கள். பழைய சிலபஸ்களைக் கோப்பில் வைத்திருப்பார்கள், தேடி எடுக்கத்தான் நாளாகும்.