அனிமே கேம்கள் சேகரிக்க ஆசை. எந்தக் கன்சோலை முதலில் வாங்குவது?

எதையும் வாங்காதீர்கள், இப்போதைக்கு. டிராகன் பால், நருடோ, எவாஞ்செலியன் என்று அனிமே தொடர்களை வைத்து வந்த கேம்களையும் அவை ஓடும் பழைய கன்சோல்களையும் சேர்க்கப் போகிறேன், எந்தக் கன்சோலில் ஆரம்பிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கன்சோலில் ஆரம்பித்தால் அலமாரிதான் நிறையும். முதலில் எந்தத் தொடர்கள் உங்களுக்கு உயிர் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அப்புறம் அந்தத் தொடர்களின் நல்ல கேம்கள் எதில் வந்தன என்று பாருங்கள். எந்தப் பெட்டியை வாங்க வேண்டும் என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், அனிமே கேம்கள் எல்லாம் ஒரே கன்சோலில் வந்து குவியவில்லை. யூ யூ ஹகுஷோ ரசிகர் என்றால் உங்களுக்கு வேண்டியது சேகாவின் மெகா டிரைவ். ட்ரெஷர் நிறுவனம் 1994இல் செய்த நான்கு பேர் சேர்ந்து அடித்துக்கொள்ளும் சண்டை கேம் அதில்தான் இருக்கிறது. (ஜப்பானுக்கு வெளியே அது பிரேசிலில் வந்தது, டெக்டாய் நிறுவனம் மூலம், அதுவும் 1999இல். மெகா டிரைவின் காலம் முடிந்தே வருடங்கள் ஆகியிருந்தன!) லெய்ன் தொடர் பிடிக்கும் என்றால் முதல் பிளேஸ்டேஷன், வேறு வழியில்லை. எவாஞ்செலியன் என்றால் 1996இல் சேகா சாட்டர்னில் ஒன்று, 1999இல் நிண்டெண்டோ 64இல் ஒன்று, இரண்டுக்கும் ஒட்டுறவே கிடையாது. டிராகன் பால் மட்டும்தான் ஏறக்குறைய எதை வாங்கினாலும் அதில் இருக்கும்.

எமுலேட்டர் (பழைய கேம்களைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்), டிஜிட்டல் ஸ்டோர் எல்லாம் இருக்கும்போது டிஸ்க்கும் கார்ட்ரிட்ஜும் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். விளையாடுவது மட்டும்தான் நோக்கம் என்றால் அவர்கள் கேட்பதில் தப்பில்லை. ஆனால் அனிமே கேம்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது: உரிமம். மாங்கா பதிப்பாளர், அனிமே ஸ்டூடியோ, கேம் நிறுவனம், சில நேரம் பாட்டுக்குச் சொந்தக்காரர் என்று பலரும் கையெழுத்துப் போட்டால்தான் ஒரு கேம் கடைக்கு வரும். அந்த ஒப்பந்தம் முடிந்தால் கேமும் கடையை விட்டுப் போய்விடும். ஜம்ப் ஃபோர்ஸ் 2019இல் வந்தது, 2022 பிப்ரவரியில் டிஜிட்டல் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். மூன்றே வருடம். டிஸ்க் வைத்திருப்பவர் இன்றும் தனியாகவாவது விளையாடலாம். இன்னொரு உதாரணம் புடோகாய் என்ற டிராகன் பால் சண்டை கேம்கள். பிளேஸ்டேஷன் 2இல் வந்த மூன்றில் முதலாவதும் மூன்றாவதும் 2012இல் எச்டி தொகுப்பாக மறுபடி வந்தன, ஆனால் இசை வேறு. பழைய இசையமைப்பாளர் மற்றவர்களின் பாட்டுகளைச் சுட்டுவிட்டார் என்று 2011இல் பிரச்சினை கிளம்பியதால் அவர் இசையையே தூக்கிவிட்டார்கள். அந்தப் பழைய மெட்டோடு கேட்க வேண்டும் என்றால் பிஎஸ்2 டிஸ்க்தான் கதி.

சரி, தாள் தயார். அடுத்து ரீஜன் லாக், அதாவது ஒரு நாட்டுக் கேம் வேறு நாட்டுக் கன்சோலில் ஓடாதபடி போடும் பூட்டு. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கேம் பாய், கேம் பாய் அட்வான்ஸ் (ஜிபிஏ), பிஎஸ்பி, வீட்டா, ஸ்விட்ச், பிஎஸ்4 இவற்றுக்கு லாக் கிடையாது. எந்த நாட்டுக் கேமையும் எந்த நாட்டுக் கருவியிலும் போடலாம். நிண்டெண்டோ டிஎஸ்ஸும் அப்படித்தான், பிற்கால டிஎஸ்ஐக்கென்று வந்த சில கேம்களைத் தவிர. பிஎஸ்3யில் அனிமே கேம்களுக்குக் கவலை வேண்டாம். ஆனால் பிஎஸ்1, பிஎஸ்2, சாட்டர்ன், கேம்கியூப், வீ, 3டிஎஸ் எல்லாம் பூட்டியவை. ஜப்பானிய நருடோ டிஸ்க்கை அமெரிக்க கேம்கியூபில் போட்டால் ஓடாது. சாட்டர்னின் மேல்பக்கத்தில் செருகும் ஆக்‌ஷன் ரீப்ளே கார்ட்ரிட்ஜ் மாதிரி குறுக்கு வழிகள் உண்டு, ஆனால் தொடக்கத்திலேயே குறுக்கு வழியில் போவதை விட ஜப்பானியக் கன்சோலையே வாங்கிவிடுவது நிம்மதி. இந்தத் துறையில் முக்கால்வாசி நல்ல சரக்கு ஜப்பானியப் பதிப்புதான்.

ஒன்றிரண்டு கருவிகளை மட்டும் சொல்லுங்கள் என்றால் என் பதில் இது: நிண்டெண்டோ டிஎஸ் லைட், அப்புறம் ஜப்பானிய பிஎஸ்2. டிஎஸ் லைட்டின் அடியில் ஜிபிஏ கார்ட்ரிட்ஜ் போடும் துளை இருக்கிறது, ஆக இரண்டு தலைமுறை ஒரே கருவியில். ஜப்பானைத் தாண்டாத ஜம்ப் அல்டிமேட் ஸ்டார்ஸ் டிஎஸ்ஸில் இருக்கிறது. ஜிபிஏ பக்கம் டிராகன் பால் அட்வான்ஸ்டு அட்வென்ச்சர் இருக்கிறது. அஸ்ட்ரோ பாய்: ஒமேகா ஃபாக்டரும் இருக்கிறது, இதையும் ட்ரெஷர்தான் ஹிட்மேக்கர் நிறுவனத்தோடு சேர்ந்து செய்தது, அஸ்ட்ரோ பாயை உருவாக்கிய தெசுகாவின் மற்ற கதைகளில் வரும் பாத்திரங்கள் எல்லாம் உள்ளே வந்து போவார்கள். ஒரு அனிமே கேம் மூலக்கதையை எவ்வளவு மதிக்கலாம் என்பதற்கு என் கணக்கில் அதற்கு மேல் ஒன்றில்லை. பிஎஸ்2 வாங்கினால் பிஎஸ்1 டிஸ்க்குகளும் அதிலேயே ஓடும்; 1997இல் வந்த கோஸ்ட் இன் த ஷெல் கேம் ஒன்றுக்காகவே வாங்கலாம் என்பேன். அதில் நீங்கள் கதாநாயகி மேஜர் குசனாகி இல்லை, ஒரு புதுமுக ஆள். சிவப்பு நிற ஃபுசிகோமா (காலுள்ள சின்ன ரோபோ டாங்க்) ஒன்றில் ஏறிச் சுவரிலும் கூரையிலும் பல்லி மாதிரி ஓடலாம். நடுவில் வரும் அனிமே காட்சிகள் புரொடக்‌ஷன் ஐ.ஜி. ஸ்டூடியோ வரைந்தவை.

மின்சாரம். ஜப்பானில் 100 வோல்ட். அங்கிருந்து வரும் பிஎஸ்1, சாட்டர்ன் போன்றவற்றில் பவர் சப்ளை பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. 220, 240 வோல்ட் ஓடும் இடத்தில் நேராகச் செருகினால் டப் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடாதீர்கள். நிண்டெண்டோவின் பழைய கன்சோல்களான ஃபேமிகாம், சூப்பர் ஃபேமிகாம் இரண்டுக்கும் அடாப்டர் வெளியே தனியாக இருக்கும், மாற்றலாம், ஆனால் அதன் முனையில் நடுவில் இருப்பது மைனஸ். வழக்கமான அடாப்டர்கள் நேர் எதிர். பொருந்துகிறதே என்று கையில் கிடைத்ததைச் செருகக் கூடாது.

ஜப்பானிய மொழி தெரியாதே என்ற கவலை பாதி நியாயம். சண்டை கேம்கள், ஓடிக் குதிக்கும் கேம்கள் எல்லாவற்றையும் மொழி தெரியாமலே ஆடலாம், மெனுவில் எது எங்கே என்பது ஒரு சாயங்காலத்தில் கைக்குப் பழகிவிடும். ஒரு பாத்திரமாகவே வாழ்ந்து கதையை நகர்த்தும் ஆர்பிஜி வேறு கதை. லெய்ன் கேமை நீங்கள் எவ்வளவு ஆசைப்பட்டாலும் கடைசியில் வாங்குங்கள். அதில் விளையாட்டு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, இரண்டு டிஸ்க் நிறைய குரல் பதிவுகளும் காட்சித் துண்டுகளும், அவற்றைக் கேட்டுக் கேட்டு நாமே கதையைக் கோர்க்க வேண்டும். மொழி தெரியாவிட்டால் அது அலமாரிக்கு மட்டும்தான். பல அனிமே ரோபோக்கள் ஒன்றாக வரும் சூப்பர் ரோபோ வார்ஸ் தொடர் பிடிக்குமென்றால் 2017இல் பிஎஸ்4க்கு வந்த ‘வி’ (V) பாகத்தைத் தேடுங்கள், ஆசியப் பதிப்பில் ஆங்கில வசனம் உண்டு.

ஆங்கிலப் பதிப்பு கிடைத்தால் அதைத்தானே வாங்க வேண்டும் என்று நினைப்பீர்கள். எப்போதும் இல்லை. 1986இல் ஃபேமிகாமில் வந்த முதல் டிராகன் பால் கேமை அமெரிக்காவில் டிராகன் பவர் என்று பெயர் மாற்றி விற்றார்கள். கோகுவின் முகத்தையே மாற்றி, ரோஷி தாத்தா கேட்கும் உள்ளாடையை சாண்ட்விச் ஆக்கிவிட்டார்கள். சிரிப்பதற்காகவே ஒன்று வைத்துக்கொள்ளலாம், அது வேறு. டிராகன் பால் ஜிடி: ஃபைனல் பவுட் அமெரிக்காவில் 1997இல் கொஞ்சமாகவே வந்ததால் அந்த முதல் பதிப்புக்கு இன்றும் யானை விலை சொல்கிறார்கள். 2004இல் அட்டாரி மறுபதிப்பு போட்டது, ஜப்பானியப் பதிப்போ ஏராளமாகக் கிடைக்கிறது. ஒன்று சொல்லிவிடுகிறேன், கேம் சுமார்தான்.

போலிகள் விஷயத்தில் ஜிபிஏ கார்ட்ரிட்ஜ்தான் மோசம். விற்பவர் அட்டைப்பெட்டியை எத்தனை கோணத்தில் படமெடுத்து அனுப்பினாலும் எனக்கு வேண்டியது இரண்டே படம். ஒன்று, முன்பக்க லேபிளை வெளிச்சத்தில் சாய்த்து எடுத்தது: அசலில் மை இல்லாமல் அழுத்திப் பதித்த இரண்டு இலக்க எண் லேசாகப் பள்ளமாகத் தெரியும், போலிகளில் பெரும்பாலும் இருக்காது. இரண்டு, அடிப்பக்கம், பின்கள் தெரிகிற மாதிரி. தங்கநிறப் பின்களுக்குச் சற்று மேலே பச்சைப் பலகையில் நிண்டெண்டோ பெயர் சின்ன எழுத்தில் இருக்க வேண்டும். இந்த இரண்டு படம் அனுப்பத் தயங்குகிறவரிடம் நான் பேச்சை முடித்துக்கொள்வேன். பின்னால் உள்ள ஸ்க்ரூவும் மூன்று கால் கொண்டதாக இருக்க வேண்டும், சாதாரண பிளஸ் ஸ்க்ரூ இருந்தால் யாரோ ஏற்கனவே திறந்திருக்கிறார்கள், அல்லது அசலே இல்லை.

டிஸ்க் கேம்களில் ஜப்பானியச் சேகரிப்பாளர்கள் பார்ப்பது ஒபி. பிளாஸ்டிக் பெட்டியின் முதுகோரம் செருகியிருக்கும் காகிதப் பட்டை, அவ்வளவுதான். அது இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு. விளையாடுவதற்கு வாங்குபவருக்கு இது நல்ல செய்தி, ஒபி இல்லாத பிரதிகளைத் தேடிப் பிடியுங்கள்.

பழைய கார்ட்ரிட்ஜ் ஆர்பிஜிகளில் சேவ் வைத்திருப்பது உள்ளே பற்றவைத்த ஒரு நாணய பேட்டரி. சூப்பர் ஃபேமிகாமின் 1992 டிராகன் பால் இசட் ஆர்பிஜியை இன்று வாங்கினால் அந்த பேட்டரி செத்திருக்கும், அல்லது சாகப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள். சாட்டர்னுக்கு இந்தத் தொல்லை குறைவு, பின்னால் ஒரு மூடியைத் திறந்து சிஆர்2032 பேட்டரியை நீங்களே மாற்றலாம். உள்ளே இருக்கும் பழைய சேவ்கள் மட்டும் போய்விடும்.

கடைசியாக பண்டாய் நிறுவனம் வெளியிட்ட வினோதங்கள், ஏனென்றால் இந்தப் பக்கம் வந்தவர்கள் எப்படியும் ஒருநாள் அதில் போய் விழுவார்கள். 1999இல் வந்த வொண்டர்ஸ்வான் என்ற கையடக்கக் கருவி எனக்குப் பிடித்தது. கேம் பாயை உருவாக்கிய குன்பெய் யோகோய் கடைசியாகக் கைவைத்த கருவி, அது கடைக்கு வரும் முன்பே அவர் இறந்துவிட்டார். ஒரே ஒரு ஏஏ பேட்டரியில் ஓடும், நிமிர்த்தியும் பிடிக்கலாம், டிஜிமான் ரசிகர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஹெட்ஃபோன் போட மட்டும் தனி அடாப்டர் வேண்டும். ஃபேமிகாமுக்கு 1992இல் வந்த டேட்டாக் என்ற இணைப்புக் கருவி வேடிக்கையானது: அட்டையில் அச்சிட்ட பார்கோடை அதில் இழுத்தால் டிராகன் பால் வீரர் திரையில் வருவார். அட்டை இல்லாமல் கருவி மட்டும் வாங்கினால் சண்டை போட ஆளே இருக்காது, அதனால் விற்பவரிடம் அட்டைகளை எண்ணிக் காட்டச் சொல்லுங்கள். 1994இல் வந்த பிளேடியா கன்சோலில் டிராகன் பாலும் செய்லர் மூனும் இருக்கின்றன, ஆனால் பெரும்பாலும் வீடியோ ஓடும், நடுவில் கேள்வி கேட்கும், ஒரு பட்டனை அழுத்தினால் மறுபடி வீடியோ ஓடும். அதை நான் வாங்கவில்லை, யாராவது சும்மா கொடுத்தாலும் வைக்க இடம் இல்லை என்றுதான் சொல்வேன்.