முதல் மினி டிராக்டர்: பின்னால் எதை மாட்டுவது?

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "மூன்று ஏக்கர் செம்மண் கொல்லை. இரண்டு ஏக்கரில் முந்திரி, ஓரத்தில் பலா. மீதி ஒரு ஏக்கரில் மல்லாட்டை (நிலக்கடலை), அது இல்லாத நாளில் கத்திரி, மிளகாய். மனைவி வழியில் புதுச்சேரிப் பாகூரில் ஒரு ஏக்கர் நஞ்சையும் உண்டு. 24 எச்.பி. ஃபோர் வீல் மினி டிராக்டர் எடுக்கப் போகிறேன். ரோட்டவேட்டர், ஐந்து கொத்துக் கலப்பை, ட்ரெய்லர், குழி போடும் மிஷின், முன்னால் மாட்டும் லோடர் எல்லாம் சேர்த்து ஒரே விலையில் தருகிறேன் என்கிறார் ஷோரூம்காரர். மாமா வீட்டில் பெரிய டிராக்டருக்கு மாட்டிய ஒன்பது கொத்துக் கலப்பை சும்மா கிடக்கிறது. எதை வாங்குவது, எதை விடுவது?"

முதல் வருஷத்துக்கு இரண்டே இரண்டு போதும். ஐந்து கொத்துக் கலப்பை (ஐந்து கொழு வைத்த கல்டிவேட்டர்) ஒன்று, நாலடி அகல ரோட்டவேட்டர் (சுழலும் கத்திகளால் மண்ணைத் தூளாக்குவது) ஒன்று. கையில் காசு மிஞ்சினால் மண் தள்ளும் பின் பிளேடு. ட்ரெய்லரை ஒரு பலா சீசன் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். குழி மிஷினும் லோடரும் வேண்டாம். மாமாவின் கலப்பை மாமா வீட்டிலேயே இருக்கட்டும்.

எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்றால், ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு கேள்விதான் கேட்பேன். வருஷத்தில் எத்தனை நாள் ஓடும்? ஒரு வாரம் தள்ளிப்போனால் நஷ்டமா? மல்லாட்டைக்கு மழை பெய்து ஈரம் பதமாக நிற்பது இரண்டு மூன்று நாள். அந்த மூன்று நாளும் ஊரே ஒரே வாடகை டிராக்டர்காரரைத்தான் கூப்பிடும். "நாளைக்கு வர்றேன்" என்பார், மண் காய்ந்துவிடும். அந்த நாளுக்கு வேண்டிய கருவி சொந்தமாக இருக்க வேண்டும். பலாக் கன்றுக்குக் குழி போடுவது அப்படி இல்லை. இந்த வாரம் ஆள் வராவிட்டால் அடுத்த வாரம் போட்டுக்கொள்ளலாம்.

கொத்துக் கலப்பையை நான் முதலில் சொன்னதற்குக் காரணம் உங்கள் செம்மண். எல்லாரும் ரோட்டவேட்டர் மோகத்தில் இருக்கிறார்கள். ஒரே ஓட்டில் மண் மாவாகிவிடுகிறது, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வருஷா வருஷம் அதே நாலைந்து அங்குலத்தையே கிண்டிக்கொண்டிருந்தால் அதற்குக் கீழே மண் இறுகித் தட்டாகிவிடும். மேலே மாவான மண் ஐப்பசி மழையில் சரிவோடு ஓடிவிடும். கோடை உழவைக் கொத்துக் கலப்பையில் ஓட்டிக் கட்டிகட்டியாக விட்டுவையுங்கள். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். விதைக்கும் முன் ஒரே ஒரு ஓட்டு ரோட்டவேட்டர் போதும். கொத்துக் கலப்பையில் கெட்டுப்போகவும் பெரிதாக ஒன்றும் கிடையாது. கொழு தேய்ந்தால் மாற்ற வேண்டும், ஸ்பிரிங் போனால் மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

இனி ரோட்டவேட்டர். இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். பல வருஷத்துக்கு முன் 22 எச்.பி. வண்டிக்கு, ஒரு கடைக்காரர் "ஐந்தடி போடுங்க சார், சீக்கிரம் முடியும்" என்று சொன்னதைக் கேட்டு ஐந்தடி வாங்கினேன். முதல் நாள் வரப்பைத் தாண்டும்போது ரோட்டவேட்டரைத் தூக்கினேன். முன் சக்கரம் இரண்டும் ஒரு சாண் மேலே எழும்பிவிட்டது. ஸ்டீயரிங் காற்றில் சுற்றுகிறது, வண்டி தன் இஷ்டத்துக்கு இடப்பக்கம் போகிறது. லிஃப்டை இறக்கியதால் தப்பித்தேன். காய்ந்த நிலத்தில் இன்ஜின் முக்கி முக்கி நின்றது தனிக் கதை.

24 எச்.பி. மினி டிராக்டர்களில் பலவற்றுக்கு லிஃப்ட் 750 கிலோ தூக்கும் என்று கையேட்டில் போட்டிருப்பார்கள். அது லிங்க் நுனியில், அதாவது கருவியை மாட்டும் கைகளின் முனையில், எடுத்த கணக்கு. கருவியின் எடை அதற்கும் பின்னால் தள்ளித்தான் உட்காரும். அதோடு, வண்டியின் எடையே ஒரு டன்னுக்குள்தான். லிஃப்ட் தூக்கிவிடும், முன் சக்கரம் தரையில் நிற்குமா என்பதுதான் கேள்வி. நாலடி ரோட்டவேட்டர் சுமார் 200 கிலோ வரும். ஐந்தடி அதைவிட நூறு கிலோவுக்கு மேல் கூடும். நாலடி என்றால் 48 அங்குலம். பின் டயர்களின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரை நாடா பிடித்துப் பாருங்கள். அதை மூடும் அகலம் இருந்தால் போதும், டயர் தடம் மிஞ்சாது. நேரம் என்ன ஆகும் என்றால், மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில், திரும்பும் நேரமும் சேர்த்து, ஏக்கருக்கு ஒன்றரை மணி. ஒரு ஏக்கர் மல்லாட்டைக்கு ஐந்தடி வாங்கி மிச்சம் பிடிப்பது இருபது நிமிஷம் இருந்தால் அதிகம்.

முந்திரித் தோப்புக்குள் ரோட்டவேட்டரைக் கிளை நிழலுக்கு உள்ளே விடாதீர்கள். முந்திரியின் பக்கவேர் மேலாகவே ஓடும். கத்தி பட்டால் போச்சு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத் தோப்புகளைச் சாய்த்துப் போட்ட பிறகு ஒட்டுக்கன்று நட்டவர்கள் நிறைய. ஒட்டுக்கன்று மரம் தாழ்வாகவே கிளைக்கும். வண்டி எடுக்கும்போதே, கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் ரோல் பார் மடக்கக்கூடியதா, சைலன்சர் மேலே நீட்டிக்கொண்டிருக்கிறதா, பக்கவாட்டில் போகிறதா என்று பாருங்கள். ரோல் பாரைத் தோப்புக்குள் மடக்கலாம். வெளியே வந்ததும் நிமிர்த்திவிட வேண்டும்.

ஷோரூமில் யாரும் சொல்லாத ஒரு விஷயம் பி.டி.ஓ. ஷாஃப்டின், அதாவது இன்ஜின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுபோகும் தண்டின், நீளம். ரோட்டவேட்டரோடு வரும் ஷாஃப்ட் எல்லா வண்டிக்கும் பொதுவாகச் செய்தது. உங்கள் மினிக்கு அது பெரும்பாலும் நீளமாக இருக்கும். அப்படியே மாட்டி லிஃப்டைத் தூக்கினால் ஷாஃப்ட் முட்டி பி.டி.ஓ. பேரிங்கையோ ரோட்டவேட்டர் கியர் பாக்ஸையோ உடைத்துவிடும். டெலிவரி நாளில் மெக்கானிக்கை நிறுத்திவைத்து இதைச் செய்யச் சொல்லுங்கள். கருவியை மாட்டி மெதுவாக ஏற்றி இறக்கி, இரண்டு முனையும் எந்த உயரத்தில் மிக அருகில் வருகின்றன என்று பாருங்கள். அந்த உயரத்தில் அடியில் முட்டுக் கொடுத்து, இன்ஜினை நிறுத்துங்கள். ஷாஃப்டை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை டிராக்டரிலும் மறு பாதியை ரோட்டவேட்டரிலும் செருகி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து சாக்பீஸில் கோடு போடுங்கள். முழுக்க உள்ளே போன நிலையிலும் மூன்று சென்டிமீட்டர் இடைவெளி மிஞ்ச வேண்டும். அந்தக் கணக்கில் இரண்டு குழாயையும், மேலே உள்ள பிளாஸ்டிக் உறைகளையும் ஒரே அளவு அறுத்து, பிசிறை அரம் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவிச் சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது இரண்டு முனைக் கவட்டையும் ஒரே வாட்டத்தில் இருக்கட்டும், இல்லையென்றால் வண்டி உதறும். கருவி முழுக்கத் தாழ்ந்திருக்கும்போது ஒன்றுக்குள் ஒன்று மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். பிளாஸ்டிக் உறையைத் தொந்தரவு என்று கழற்றி எறியாதீர்கள். நிமிஷத்துக்கு 540 சுற்று வேகத்தில் லுங்கி நுனி மாட்டினால் கத்துவதற்குக்கூட நேரம் இருக்காது.

முதல் பத்து மணி நேரம் ஓட்டியதும் கத்தி போல்ட் அத்தனையும் ஒருமுறை முறுக்கிவிடுங்கள்.

மாமாவின் கலப்பையில் ஆசை வேண்டாம் என்று சொன்னேன் இல்லையா. பெரிய டிராக்டர் கருவிகளில் கீழ் லிங்கில் மாட்டும் பின் (முளை) பெரும்பாலும் 28 மில்லிமீட்டர் கனம். மினியில் வருவது 22. உங்கள் லிங்க் ஓட்டைக்குள் அது நுழையாது. பட்டறையில் பின்னை மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள், மாற்றலாம்தான். நான்கு கொத்தைக் கழற்றிவிட்டு ஐந்தாக ஓட்டலாம் என்றும் சொல்வார்கள். கலப்பைச் சட்டத்தின் அகலம் ஏழடிக்கு அப்படியே நிற்குமே! முந்திரி வரிசைக்குள் திரும்பும்போது அடிமரத்தில் இடிக்கும். எடைக்குப் போட்டால் வரும் பணத்தில் உங்களுக்கு ஒரு டாப் லிங்க் பின் பெட்டியே வாங்கலாம். மாமாவிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

குழி மிஷின்: உங்கள் சரளைச் செம்மண்ணில் கோடையில் அது கதறும். மழை விட்ட பின் வாடகைக்கு எடுத்து ஒரே நாளில் முடித்துக்கொள்ளுங்கள். குழியின் சுவர் வழவழப்பாக இருந்தால் வேர் சுற்றிக்கொள்ளும், கடப்பாரையால் கீறிவிட வேண்டும். மிஷின் இறங்கவில்லை என்று ஆளை அதன் மேலே ஏறி நிற்கச் சொல்வதை எங்கே பார்த்தாலும் நிறுத்துங்கள்.

லோடரைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. முன் அச்சு சிறிது, பின்னால் எடை கட்ட வேண்டும், மாட்டினால் தோப்புக்குள் திரும்பவே முடியாது. ஜேசிபி மணிக்கணக்கில் கிடைக்கிறது.

ட்ரெய்லருக்கு ஆர்.டி.ஓ.வில் தனிப் பதிவு உண்டு. பலாவைத் தோப்பிலேயே வியாபாரிக்கு விடுபவர் என்றால் உங்களுக்கு அது தேவையே இல்லை. பண்ருட்டி மண்டிக்கு நீங்களே கொண்டுபோவதானால் பிரேக் உள்ளதாகப் பாருங்கள். எதை இழுத்தாலும் கீழே உள்ள இழுவைக் கம்பியான டிராபாரில்தான் மாட்ட வேண்டும். மேலே உள்ள டாப் லிங்கில் கட்டி இழுத்தால் வண்டி பின்பக்கமாகக் கவிழும்.

பாகூர் நஞ்சைக்கு இந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். இருபத்தைந்து, முப்பது கிலோமீட்டர் வரும். மினி டிராக்டர் வேகத்தில் போக வர அரை நாள், டீசல் வேறு. சேறு ஓட்டக் கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) வேண்டும், அதைத் தார் ரோட்டில் உருட்டவும் முடியாது. அந்த ஊரிலேயே பெரிய வண்டியை வாடகைக்குப் பிடித்துச் சேறு ஓட்டி, பரம்பும் அடித்துச் சமப்படுத்தி வாங்கிவிடுங்கள்.

மானியம் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வேளாண்மைப் பொறியியல் துறை வழியாகச் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்குக் கருவிகளில் பொதுவாக 50 விழுக்காடு வரை, மற்றவர்களுக்கு 40 விழுக்காடு வரை, உச்சவரம்புக்கு உட்பட்டுக் கொடுக்கிறார்கள். ஐந்து ஏக்கருக்குள் இருப்பதால் நீங்கள் சிறு விவசாயி. தாசில்தாரிடம் சான்று வாங்கி, சிட்டா, அடங்கலோடு விண்ணப்பியுங்கள். பண்ருட்டி நிலத்தைக் காட்டித்தான் இங்கே கேட்க முடியும். பாகூர் நிலம் புதுச்சேரி அரசின் கணக்கு. முக்கியமாக, அனுமதி கைக்கு வரும் முன் வாங்கிவிட்டால் மானியம் கிடையாது. துறை ஒப்புக்கொண்ட மாடல் பட்டியலில் நீங்கள் எடுக்கும் ரோட்டவேட்டர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஆகவே ஷோரூமில் டிராக்டருக்கு மட்டும் அட்வான்ஸ் கொடுங்கள். ஒரே விலைத் தாளை வாங்காமல், ஒவ்வொரு கருவிக்கும் தனி விலை போட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். ரோட்டவேட்டர் வரியில் அகலமும் எடையும் எழுதியிருக்கட்டும். எழுத யோசித்தால் அந்த ரோட்டவேட்டரை வேறு கடையில் பாருங்கள்.