ட்ரோபோனின் 'நார்மல்' என்றார்கள், யாருடைய நார்மல்?

சகோதரி, "மற்றபடி ஒன்றுமில்லை டாக்டர்" என்று கடிதத்தின் கடைசியில் நான்கு வரி எழுதியிருக்கிறீர்களே, நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். 12 நாட்களுக்கு முன்பு மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கி, கீழ்த்தாடை இறுகி, உடை நனையும் அளவுக்கு வியர்த்திருக்கிறது. அவசரப் பிரிவில் இ.சி.ஜி. எடுத்து, இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்ற புரதத்தை ஒரு முறை அளந்து பார்த்து, "நார்மல், வாயுதான்" என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகும் இரண்டு தடவை படி ஏறும்போது அதே இறுக்கம் வந்து, நின்றதும் விட்டிருக்கிறது. இதை நான்கு வரியில் முடித்துவிட்டு, உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. கணவரைவிட உங்களுக்கு ஏன் அதிகம் என்று கேட்க மூன்று பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள்!

நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் ட்ரோபோனின் I என்ற வகை 21 என்று இருக்கிறது. பக்கத்திலேயே "26 வரை இயல்பு" என்று அச்சாகியிருக்கிறது. அந்த 26 ஆண், பெண் இருவரையும் சேர்த்துப் போட்ட பொது அளவு. உங்கள் ரத்தத்தைப் பரிசோதித்த அதே முறையில் தனித்தனியாகப் பார்த்தால் ஆண்களுக்கு லிட்டருக்கு 34 நானோகிராம் வரை, பெண்களுக்கு 16 வரைதான். பொதுவாகப் பெண்ணின் இதயத் தசை ஆணைவிடக் குறைவு. அதனால் ரத்தத்தில் கசியும் ட்ரோபோனினும் குறைவு. உங்கள் கணவருக்கு 21 வந்திருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். உங்களுக்கு அது எல்லை தாண்டிய எண். (பரிசோதனை முறைக்கு முறை இந்த அளவுகள் மாறும். இதைப் படித்துவிட்டு வேறு யாரும் தங்கள் ரிப்போர்ட்டில் 16-ஐத் தேட வேண்டாம்.)

இன்னொரு தவறும் நடந்திருக்கிறது. வலி தொடங்கி 50 நிமிடத்தில் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். அடிபட்ட இதயத் தசையிலிருந்து ட்ரோபோனின் கசிந்து ரத்தத்தில் தெளிவாகத் தெரியச் சில மணி நேரம்கூட ஆகலாம். அதனால் ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து இரண்டாவது முறை எடுத்து, ஏறுகிறதா, இறங்குகிறதா, அப்படியே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கடிகாரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு அது ஓடுகிறதா, நின்றுபோனதா என்று சொல்ல முடியுமா?

21 என்றாலே மாரடைப்பு என்று நான் சொல்லவில்லை. சிறுநீரகக் கோளாறிலும் இதயத் தசை அழற்சியிலும் இது ஏறும். ஆனால் படி ஏறினால் வந்து, நின்றால் விடுகிற இறுக்கம் இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். அந்த நிலையில் ட்ரோபோனின் சுத்தமாக இயல்பாகவே இருக்கக்கூடும். புதிதாகத் தொடங்கி 12 நாளில் மூன்று தடவை வந்திருக்கிறது. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிற விஷயமல்ல இது. இன்றே இதய மருத்துவரைப் பாருங்கள். ஓய்வெடுத்தும் ஐந்து நிமிடத்தில் விடாவிட்டாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வந்தாலோ உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

இனி உங்களைத் தூங்கவிடாத மற்ற எண்கள். சி.ஆர்.பி. உங்களுக்கு 3.8, கணவருக்கு 0.9. மாதவிடாய் நின்ற பிறகு வரும் உடல் சூட்டுக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை சாப்பிடுகிறீர்கள். வாய்வழி ஈஸ்ட்ரோஜன் சி.ஆர்.பி.யை ஏற்றிவிடும். போதாக்குறைக்கு அந்த வாரம் சளி வேறு. இதயத்தின் மீதுள்ள சுமையைக் காட்டும் என்.டி. ப்ரோ பி.என்.பி. 96, பெண்களுக்கு இயல்பிலேயே ஆண்களைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், விட்டுவிடுங்கள். இணையத்தில் படித்த "ரத்தக்குழாய் எரிகிறது" கதையையும் விட்டுவிடுங்கள்.

"நல்ல கொழுப்பு என்கிற ஹெச்.டி.எல். 54 இருக்கிறதே, அது காப்பாற்றாதா?" என்கிறீர்கள். 40-க்குக் கீழே போனால் ஆணுக்குக் குறைவு. பெண்ணுக்கு 50-க்குக் கீழேயே குறைவு. உங்கள் 54 தேறுகிறது, அவ்வளவுதான். நீங்கள் கவனிக்காமல் விட்ட கெட்ட கொழுப்பு, எல்.டி.எல். 158-தான் எனக்கு உறுத்துகிறது. மாதவிடாய் நின்றதை ஒட்டி அது ஏறுவது வழக்கம். இரண்டாவது கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறியதாக எழுதியிருக்கிறீர்கள். பழைய கதை என்று நினைக்காமல் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இதய நோய் அபாயத்தைக் கணக்கிடும்போது அதற்கும் இடமுண்டு.

பத்து நாளாக ஆஸ்பிரின் போடுகிறீர்கள். யாரைக் கேட்டு? வயிற்றில் ரத்தக் கசிவு வந்தால் அந்த இணையதளம் வந்து பார்க்குமா? உங்களுக்கு அது தேவைப்படவும் செய்யலாம், ஆனால் அதை உங்களைப் பரிசோதிப்பவர் முடிவு செய்யட்டும். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தொடரலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

போகும்போது அவசரப் பிரிவில் எடுத்த இ.சி.ஜி.யும் ட்ரோபோனின் ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும். வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு ரத்தம் எடுத்தார்கள் என்பதை அதன் மேலேயே எழுதிக்கொள்ளுங்கள். கணவரின் ரிப்போர்ட் வீட்டிலேயே இருக்கட்டும். அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வண்டியை நீங்கள் ஓட்ட வேண்டாம், படியும் ஏற வேண்டாம்.