ஏதேன் பாம்பு, லூசிபர், சாத்தான்: மூன்றும் ஒரே ஆளா?

பைபிளில் தேடினால் அப்படி நேராக இல்லை, பின்னால் வந்தவர்கள் சேர்த்துத் தைத்ததுதான் அதிகம். ஆதியாகமம் 3-இல் பேசுவது வெறும் பாம்பு. சாத்தான் என்ற பேச்சே அங்கே கிடையாது. எபிரேயத்தில் 'சாத்தான்' என்றால் எதிர்த்து நிற்பவன், குற்றம் சாட்டுபவன். எண்ணாகமம் 22-இல் பிலேயாம் என்ற தீர்க்கதரிசியின் கழுதையை மறித்த கர்த்தருடைய தூதனுக்கே அந்தச் சொல்தான் வருகிறது! யோபு புத்தகத்திலோ அது பெயர்கூட இல்லை, ஒரு பதவி. தேவபுத்திரர்களோடு, அதாவது வானுலகத் தூதர்களோடு வந்து நின்று, கடவுளிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் யோபின் மேல் கை வைக்கிறான், ஏறக்குறைய அரசு வக்கீல் மாதிரி.

சரி, லூசிபர்? ஏசாயா 14:12 பாபிலோன் ராஜாவைக் கிண்டலடிக்கும் பாட்டு. அதிலுள்ள 'விடிவெள்ளி'க்கு லத்தீன் சொல் லூசிபர், அவ்வளவுதான். 4-ஆம் நூற்றாண்டில் அதே பெயரில் ஒரு பிஷப்பே சார்தீனியாவில் இருந்தார். ஓரிஜன் போன்ற ஆதிகாலக் கிறிஸ்தவ அறிஞர்கள் அந்த வசனத்தைச் சாத்தானின் வீழ்ச்சியாகப் படித்த பிறகுதான் கதை மாறியது.

ஆனால் எல்லாமே பிற்காலக் கற்பனை என்றும் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் வெளிப்படுத்தல் 12:9 'பழைய பாம்பு'தான் சாத்தான் என்று பச்சையாகவே சொல்கிறது. கொம்பும் வாலும் மட்டும் எந்த வசனத்திலும் அவனுக்கு ஒட்டவில்லை, அது ஓவியர்கள் கைவேலை (வெளிப்படுத்தல் 12-இல் சாத்தானாக வரும் சிவப்பு வலுசர்ப்பத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால்).