இரண்டு ‘பொங்கல்’ ஃபோல்டரும் ஒரு மேனேஜ்மென்ட் சீட்டும்

பையனை எந்தப் படிப்பில் சேர்க்கலாம் என்று என்னிடம் ஆலோசனை கேட்டு சிவகாசியிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பா சின்னதாக ஆஃப்செட் பிரஸ் வைத்திருக்கிறார். காலண்டர் சீசனில் தூக்கம் இருக்காது, மற்ற மாதங்களில் லேபிளும் கல்யாணப் பத்திரிகையும். பையன் பிளஸ் டூ முடித்திருக்கிறான், கணக்கில் மட்டும் மதிப்பெண் குறைவு. பெங்களூரில் இருக்கும் தாய்மாமன், “ஏஐ டேட்டா சயின்ஸ் தவிர வேற எதுலயும் சேர்க்காதீங்க” என்று சொல்லிவிட்டாராம். ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் சீட்டும் பேசியாயிற்று. வருடத்துக்கு இரண்டரை லட்சம், விடுதி தனி.

“எப்பப் பாரு பிரஸ்ல அந்த ஒயரு டப்பா முன்னாடியே உக்காந்திருக்கான் சார். இவன் படிப்பானான்னே பயமா இருக்கு” என்றார் அம்மா.

பயப்படாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அது என்ன டப்பா என்று பையனிடம் கேட்டேன். அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் கால் மணி நேரம் நிறுத்தாமல் பேசினான்.

அது நாஸ் பெட்டி. நெட்வொர்க் வழியாகப் பிரஸ்ஸில் எல்லோரும் திறக்கும் பொதுவான ஸ்டோரேஜ். டிசைனர் மேக்கில் வேலை செய்கிறார், கணக்கும் பிளேட் போடுவதும் விண்டோஸில், பெட்டிக்குள் ஓடுவதோ லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளம். போன வருடம் ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளிவர வேண்டிய நேரத்தில், பெட்டியில் ‘பொங்கல்’ என்று இரண்டு ஃபோல்டர் இருந்திருக்கின்றன. பெயரில் ஓர் எழுத்துகூட வித்தியாசமில்லை. ஒன்றில் பழைய டிசைன், மற்றதில் திருத்தியது. பழையதை எடுத்துப் பிளேட் போட்டுவிட்டார்கள். ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு எப்படி இருக்கும் என்று யாருக்கும் புரியவில்லை.

பையன் இரண்டு ராத்திரி உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கிறான். ‘பொ’வில் ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் இருக்கின்றன அல்லவா? கணினிகள் எழுத்துகளைக் குறித்து வைக்கும் பொது முறையான யூனிகோடில் இரண்டையும் சேர்த்து ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் வைக்கலாம். பழைய மேக்கின் வட்டு, எச்எஃப்எஸ் பிளஸ் என்ற கோப்பு முறையில், பெயர்களைப் பிரித்தே எழுதி வைக்கும். விண்டோஸில் நாம் தட்டும்போது சேர்ந்தே விழும். லினக்ஸுக்குத் தமிழ் தெரியாது, பைட்டுகளை மட்டும் பார்க்கும். பழைய மேக் வட்டை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் மென்பொருள் மூலம் பெட்டிக்கு அப்படியே நகலெடுத்த அன்று ஒரு பொங்கல், விண்டோஸிலிருந்து டிசைனரின் உதவியாளர் உருவாக்கிய அன்று இன்னொரு பொங்கல்.

பதினேழு வயதில் இதைத் தேடிப் பிடித்தவனைப் பற்றித்தான் “படிப்பானா” என்று கேட்கிறார்கள்.

அண்ணாச்சி, அந்தச் சீட்டை விட்டுவிடுங்கள் என்றேன். நான்கு வருடத்துக்குக் கட்டணம் மட்டும் பத்து லட்சம். கடன் வாங்கினால் அவன் படிக்கும்போதே வட்டி ஏறும். அந்தப் படிப்பு முழுக்க நிகழ்தகவும் மேட்ரிக்ஸும்தான். அவன் முகம் சுளிக்கும் கணக்கு. ஏன் சேர விரும்புகிறாய் என்று கேட்டதற்கு, “மாமா சொன்னாங்க” என்றான். மாமா கெட்டது நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் தவணை கட்டப் போவது மாமா இல்லை.

பொறியியல் கலந்தாய்வு பற்றி உங்கள் தெருவிலேயே பத்துப் பேர் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது யாரும் பேசாத ஒரு வேலை: ஸ்டோரேஜ் நிர்வாகம். வெவ்வேறு இயங்குதளங்கள் ஒரே கோப்பைத் தொடும்போது எங்கெங்கே உடையும் என்று தெரிந்து வைத்திருக்கும் வேலை.

உடையும் இடங்கள் நிறைய. விண்டோஸில் பெயருக்குள் கேள்விக்குறியோ முக்காற்புள்ளியோ வரக் கூடாது, லினக்ஸ் இரண்டையும் ஏற்கும். லினக்ஸில் பெரிய எழுத்து ஆங்கிலப் பெயரும் சின்ன எழுத்துப் பெயரும் இரண்டு கோப்பு, விண்டோஸுக்கு ஒன்றே. லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட் வரைதான் இடம். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் போவதால் புள்ளி, கொம்பு எல்லாம் சேர்த்து 85 குறிகளோடு சரி. சில நாஸ் பெட்டிகளில் ஃபோல்டரை என்கிரிப்ட் செய்தால் (மற்றவர் படிக்க முடியாதபடி மறைத்தால்) அந்த இடம் 143 பைட்டாகச் சுருங்கிவிடும், அதாவது 47 குறி. வாடிக்கையாளர் பெயர், ஊர், வருடம் என்று நீட்டமாகப் பெயர் வைக்கும் பிரஸ்ஸில் இது இடிக்கும்.

அனுமதி இன்னொரு தலைவலி. லினக்ஸ் பக்கம் நெட்வொர்க்கில் கோப்பைப் பகிரும் முறை என்எஃப்எஸ். அதன் மூன்றாம் பதிப்பு வழக்கமான அமைப்பில் ஆளின் பெயரைக் கேட்காது, கணினி அவருக்குக் கொடுத்த எண்ணைத்தான் நம்பும். மேக்கில் முதல் பயனருக்கு எண் 501, பெரும்பாலான லினக்ஸில் 1000. ஆள் ஒருவர்தான், ஆனால் தன் கோப்பைத் தானே திருத்த முடியாமல் நிற்பார். ஒரே ஃபோல்டரை எஸ்எம்பி (விண்டோஸின் பகிர்வு முறை), என்எஃப்எஸ் இரண்டு வழியாகவும் திறந்துவிட்டால் இன்னும் மோசம். ஒரு பக்கம் போட்ட பூட்டு மறுபக்கத்துக்குத் தெரியாமல் போகலாம், இருவர் எழுதி ஒருவர் வேலை காணாமல் போகும்.

புது விண்டோஸ் 11 கணினி வாங்கியபோது அந்தப் பெட்டி திறக்கவே இல்லையாம். பாஸ்வேர்டு இல்லாமல் நுழைவதைப் புதிய பதிப்புகள் ஏற்பதில்லை. கணினி விற்றவர் பழைய எஸ்எம்பி 1-ஐப் போட்டுவிடலாம் என்றிருக்கிறார். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான் என்று பையன் தடுத்துவிட்டு, ஆளுக்கொரு கணக்கும் பாஸ்வேர்டும் வைத்திருக்கிறான். அப்பாவுக்கு இந்தக் கதையே என் அறையில்தான் தெரிந்தது.

“எல்லாம் கிளவுடுக்குப் போயிட்டுதே, இந்த வேலை இருக்குமா?” என்று மாமா போனில் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அமேசான் கிளவுடின் கோப்புச் சேமிப்பான இஎஃப்எஸ் என்பதே என்எஃப்எஸ்தான், அங்குள்ள விண்டோஸ் சர்வர்களில் அதைப் பயன்படுத்த முடியாது. மைக்ரோசாஃப்ட் கிளவுடின் அஷூர் ஃபைல்ஸ் எஸ்எம்பி, என்எஃப்எஸ் இரண்டு முறைகளையும் தருகிறது, ஆனால் ஒரு ஷேரை ஒரு முறையில்தான் திறக்கலாம். கிளவுடுக்குப் போனாலும் தொல்லை கூடவே வருகிறது. மருத்துவமனை ஸ்கேன் படங்கள், சென்னை விஎஃப்எக்ஸ் ஸ்டுடியோக்கள், பத்திரிகை அலுவலகங்கள் எல்லாவற்றிலும் இதைப் பார்க்க ஆள் வேண்டும்.

அதற்காக இது சொகுசான வேலை என்று சொல்ல மாட்டேன். முதல் இரண்டு வருடம் அநேகமாக ஹெல்ப்டெஸ்க்தான். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். பேக்கப் எடுத்ததற்கு யாரும் பாராட்ட மாட்டார்கள், எடுக்காததற்குத் திட்டுவார்கள்.

சரி, என்ன செய்யலாம்? பக்கத்திலேயே அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் பிஎஸ்சி கணினி அறிவியலோ பிசிஏவோ சேருங்கள். கட்டணத்தில் மிச்சமாகும் பணத்தில் ஒரு சிறு பகுதி போதும்: பழைய கணினி இரண்டு, ஒரு சுவிட்ச், இரண்டு வட்டு. பிரஸ்ஸில் ஓரம்கட்டிய மேக்கையும் அவனிடமே கொடுங்கள். லினக்ஸில் சாம்பாவை நிறுவட்டும். லினக்ஸை எஸ்எம்பி பேச வைக்கும் மென்பொருள் அது, காசு கிடையாது. 1991 கடைசியில் கான்பெராவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், நெட்வொர்க்கில் போகும் தகவல் பாக்கெட்டுகளைக் கவனித்துக் கவனித்தே எழுத ஆரம்பித்தது அது. ஆர்சிங்க்கும் அவர் கை பட்டதுதான். பையனுக்கு அது தெரிந்திருந்தது.

லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹாட் நடத்தும் ஆர்எச்சிஎஸ்ஏ என்ற லினக்ஸ் நிர்வாகத் தேர்வைக் கடைசி வருடத்தில் எழுதட்டும். அதில் விடையை டிக் அடிக்கும் கேள்விகள் இல்லை, கணினி முன் உட்கார்ந்து செய்து காட்ட வேண்டும். இவனுக்குச் சரியாக வரும். சான்றிதழ் மூன்று வருடம்தான் செல்லும் என்பதால் முதல் வருடமே அவசரப்பட்டுக் கட்ட வேண்டாம்.

தம்பிக்கு ஒரு வேலை கொடுத்து அனுப்பினேன். பெட்டியில் இரட்டைப் பெயரோடு இன்னும் எத்தனை ஃபோல்டர் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எப்படி வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். கல்லூரிக்கு முன்பணம் கட்டக் கடைசி நாள் அடுத்த வியாழன் என்றார் அப்பா. அப்படியென்றால் புதன்கிழமை நோட்டோடு வாருங்கள், மாமாவையும் லைனில் வைத்துக்கொள்ளலாம் என்றேன்.