நெல் மூடைக்கும் வானலைச் சிட்டை வேண்டுமா?

கேள்வி: பரந்தனில் அரிசி ஆலை நடத்துகிறேன். காலபோக நெல்லை வாங்கி, அவித்துக் குற்றி, கொழும்புக்கு லொறியில் அனுப்புகிறோம். ஏற்றுமிடத்திலும் இறக்குமிடத்திலும் மூடைக் கணக்கு அடிக்கடி பிழைக்கிறது. எல்லா மூடைகளிலும் ஆர்.எவ்.ஐ.டி. எனப்படும் வானலை அடையாளச் சிட்டை இருக்க வேண்டும் என்று வாங்குபவர் இப்போது கேட்கிறார். நெல் வரும்போதே சிட்டையைப் பொருத்திவிடலாமா?
— ஆலை உரிமையாளர், கிளிநொச்சி மாவட்டம்

பதில்: நெல் மூடையை விட்டுவிட்டு அரிசி மூடையிலிருந்து தொடங்குங்கள். இவ்வகைச் சிட்டையில் மின்கலம் இல்லை. வாசிப்பான் அனுப்பும் வானலையிலிருந்தே அதன் சில்லு சக்தியைப் பெற்று, பெரும்பாலும் 96 பிட் நீளமான ஓர் இலக்கத்தைத் திருப்பி அனுப்புகிறது. அந்த நெல் யாருடைய வயலில் விளைந்தது, என்றைக்கு வந்தது, ஈரப்பதன் எவ்வளவு என்பன உங்கள் பதிவேட்டில்தான் இருக்கும். பல விவசாயிகளின் நெல் அவியல் தொட்டியில் ஒன்றாகக் கொட்டப்பட்டதும் மூடையின் இலக்கத்துக்குப் பொருளில்லாமல் போய்விடுகிறது. எனவே ஒவ்வொரு அவியலுக்கும் ஒரு தொகுதி இலக்கம் கொடுத்து, அதில் யார் யாருடைய நெல் சேர்ந்தது என்பதை எழுதிவைத்து, அந்த இலக்கத்தோடு அரிசி மூடைகளின் சிட்டைகளை இணைப்பதே சரியான வழி. இந்த எழுத்துவேலை ஒழுங்காக நடக்காத ஆலையில் எந்தச் சிட்டையும் உதவாது.

களஞ்சியங்களில் பயன்படும் சிட்டைகள் 860 முதல் 960 மெகாஹேர்ட்ஸ் வரையான அலைவரிசையில் இயங்குகின்றன. பட்டைக்குறியைப் போல நேரே காட்டத் தேவையில்லாமல், சில மீற்றர் தூரத்திலிருந்தே பல சிட்டைகளை ஒரே கணத்தில் வாசிக்கலாம். ஆயினும் நீர் இந்த அலையை உறிஞ்சும், உலோகம் அதைத் தெறிக்கச் செய்யும். மூடையைத் தோளில் சுமந்து வரும் நாட்டாமையின் உடலும் பெரும்பகுதி நீர்தான். சிட்டை அவருடைய கழுத்துப் பக்கம் திரும்பியிருந்தால் வாசிப்பான் அதைத் தவறவிடக்கூடும். அதனால் மூடையின் வாய்த்தையலில் சிட்டையைப் பொருத்தி, ஏற்றும் வாசலின் இரு பக்கங்களிலும் அன்ரனா வைப்பது நல்லது. உயர அடுக்கிய மூடைகளின் நடுவே இருப்பவற்றை வெளியில் நின்று முழுமையாக எண்ணிவிடலாம் என்று நம்ப வேண்டாம்.

வாங்குபவரோடு ஒன்றைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் வோல்மார்ட் நிறுவனம் தனது 100 பெரிய வழங்குநர்கள் 2005 ஜனவரிக்குள் பெட்டிகளிலும் அடுக்குத் தட்டுகளிலும் சிட்டை பொருத்த வேண்டும் என்று 2003இல் அறிவித்தபோது, பலர் சரக்கு புறப்படும் நேரத்தில் சிட்டையை ஒட்டி அனுப்பியதோடு நின்றுவிட்டார்கள். செலவு அவர்களுடையதாயிற்று, தமது களஞ்சியத்துக்கு அவர்கள் பெற்ற பயன் சொற்பம். கொழும்பில் இறங்கும்போது வாசிக்கப்படும் கணக்கு அன்றன்றே உங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று கேளுங்கள். அது கிடைத்தால்தான் குறைந்த மூடை ஆலையில் குறைந்ததா, வழியில் குறைந்ததா என்று தெரியும். அது தெரியாதவரை பழி லொறிச் சாரதியின் மேலேயே விழுந்துகொண்டிருக்கும்.

சிட்டை எடை பார்க்காது. 2 கிலோ அரிசி எடுக்கப்பட்ட மூடையும் அதே இலக்கத்தையே சொல்லும் என்பதால் தராசைக் கைவிடாதீர்கள். வாசிப்பானை வாங்கும்முன், அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அங்கீகாரம் பெற்றதா என்று விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஒரு லொறிச் சுமைக்கு மட்டும் சிட்டை பொருத்தி, கையால் எண்ணிய கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.