429 கோடியை உடைத்த 641

ஹட்டனில் கணிதம் படிப்பிக்கிறேன். போன வாரம் 4294967297 என்ற எண்ணைக் கொடுத்து, இது முதன்மை எண்ணா என்று கேட்டிருந்தேன். வந்த கேள்விகளுக்கு இதோ பதில்கள்.

தலவாக்கலை, தரம் 10 மாணவி: சேர், 3, 7, 11 மூன்றாலும் வகுத்துப் பார்த்தேன், மீதி வருகிறது. அப்போ முதன்மை எண்தானே?

நல்லாச் செய்திருக்கிறாய் மகள், ஆனால் அவசரப்படாதே. பெர்மா என்ற பிரெஞ்சுக் கணித மேதையும் 1640 இல் அப்படித்தான் நம்பினார். 2 இன் 32 ஆம் வலுவோடு 1 ஐக் கூட்டினால் வருவது இந்த எண். 32 இருக்கும் இடத்தில் 1, 2, 4, 8, 16 என்று போட்டுப் பார்: 3, 5, 17, 257, 65537. ஐந்தும் முதன்மை எண்கள். அடுத்ததும் அப்படியே இருக்கும் என்று எண்ணிவிட்டார். 1732 இல் ஆய்லர் என்ற சுவிஸ் கணித மேதை இதை உடைத்தார்: 641 × 6700417.

பண்டாரவளை, உயர்தர மாணவர்: கணினி இல்லாத காலத்தில் 641 ஐ எப்படிப் பிடித்தார்?

மலை முழுக்க அலையவில்லை தம்பி, ஒரு நிரையைப் பிடித்துக்கொண்டார். இந்த எண்ணின் எந்த முதன்மைக் காரணியையும் 64 ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே ஆக வேண்டும். இதை அவர் பின்னர் நிறுவியும் காட்டினார். அந்த நிரையில் இருக்கும் முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே அகப்பட்டுவிட்டது.

பொகவந்தலாவை, உயர்தர மாணவி: பெருக்கிப் பார்க்காமலே 641 ஐ நிறுவ முடியுமா?

முடியும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 641 ஐ இரண்டு விதமாக எழுது: 5 × 2⁷ + 1, அப்புறம் 5⁴ + 2⁴. முதலாவதன்படி, 641 ஆல் வகுக்கும் கணக்கில் 5 × 2⁷ ஐ −1 என்றே எடுக்கலாம். நான்காம் வலுவுக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பது 1 ஆகிறது. இரண்டாவதன்படி 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ ஐப் போடலாம். போட்டால் −2³² என்பது 1. அதாவது 2³² + 1 ஐ வகுக்க மீதி பூச்சியம். இத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியும், அந்தக் கடைசி வரியில் இன்னும் ஒரு நிமிடம் நின்று பார்க்கிறேன்.

நுவரெலியா, ஒரு தாய்: மகனுக்குச் சாதாரண தரப் பரீட்சை வருகிறது. இதனால் பயன் உண்டா?

இந்தக் கணக்கு வராது அம்மா. காரணியும் சுட்டியும் வரும். அவற்றில் பயம் போக இது உதவும்.

பதுளை, ஆசிரியர்: 6700417 இன்னும் உடையுமா?

உடையாது. அதன் வர்க்கமூலம் 2588 சொச்சம். 64 ஆல் வகுக்க மீதி 1 வரும் அந்த நிரையின் முதல் நான்கும் (193, 257, 449, 577) முன்பே விழுந்துவிட்டன. 641 ஐ இன்னொரு தடவையும், அதே நிரையில் மிஞ்சும் 769, 1153, 1217, 1409, 1601, 2113 ஐயும் பார்த்தால் போதும். ஒன்றும் வகுக்காது.

மஸ்கெலியா, தரம் 11 மாணவர்: 65537 க்குப் பிறகு இந்த வகையில் முதன்மை எண் உண்டா?

இதுவரை ஒன்றும் அகப்படவில்லை. இல்லவே இல்லை என்றும் யாரும் நிறுவவில்லை. 2⁶⁴ + 1 உம் உடைந்துவிட்டது: 274177 × 67280421310721. இங்கே 64 இன் இடத்தில் 128: 274177 ஐ அதால் வகுத்துப் பார் தம்பி, மீதி 1 வரும்.